மக்ஆர்தரின் கோட்டு

ஃபிளானன் தீவுக் கதை பேய்க்கதைப் பிரியர்களுக்குப் பாலபாடம், எல்லோரும் ஒருமுறையாவது அந்த வழியாக வந்திருப்பார்கள். 1900 டிசம்பர். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அட்லாண்டிக்கில் கிடக்கும் ஒரு பாறைக்கூட்டம், அதில் பெரிய தீவான ஏலன் மோரில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் மூன்று காவலர்கள். மாற்று ஆளை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் போய்ப் பார்த்தால் மூவரையும் காணோம். உடல்கள் கிடைக்கவே இல்லை. தமிழில் இதைச் சொல்லும் யூடியூப் வீடியோக்களுக்குக் குறைவில்லை. மேஜையில் பாதி சாப்பிட்டபடி கிடந்த சாப்பாடு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி, அப்புறம் காவலர்கள் எழுதிவைத்துவிட்டுப் போன நாட்குறிப்பு என்று எல்லாவற்றிலும் அதே சரக்குதான். இப்படியொரு புயலைப் பார்த்ததே இல்லை, தலைமைக் காவலர் எரிந்து விழுகிறார், இன்னொரு காவலரான மக்ஆர்தர் அழுகிறார், மூவரும் ஜெபம் செய்தோம் என்றெல்லாம் போய், கடைசியில் புயல் ஓய்ந்தது, கடல் அமைதி, எல்லாவற்றுக்கும் மேலே கடவுள் இருக்கிறார் என்று அந்த நாட்குறிப்பு முடியும். சரியாக அந்த இடத்தில் பின்னணி இசையையும் நிறுத்திவிடுவார்கள். நல்ல கதைதான். பேய்களோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது அந்த அழுகிற ஆள்.

சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம், கரண்ட் வேறு போய்விட்டது, சித்தப்பா பையன் இந்தக் கதையை எடுத்துவிட்டான். நன்றாகவே சொன்னான். முடிவில் அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்: "அழுதான்ல ஒருத்தன், அவன்தான் கிறுக்குப் பிடிச்சு மத்த ரெண்டு பேரையும் தள்ளிவிட்டுட்டு அவனும் குதிச்சிருப்பான்." எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. தூணோரம் படுத்திருந்த மாமா மட்டும் எழுந்து உட்கார்ந்தார். அவர் ரிட்டயர் ஆகிறவரை சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் பார்த்தவர். "ஏம்ப்பா, நான் காலம் பூரா லாக் புக் எழுதினவன். ஏ.இ. இன்னைக்குக் கடுகடுன்னு இருக்காரு, பக்கத்துல இருக்கிறவன் அழுவுறான்னு எவனாச்சும் அதுல எழுதுவானா? வோல்டேஜ், லோடு, ஆயில் டெம்பரேச்சர், அவ்ளோதான். அது இருக்கட்டும், அந்த விளக்குல எண்ணெய் இருந்துச்சா இல்லியா, அதைச் சொல்லு." சித்தப்பா பையனுக்குத் தெரியவில்லை. எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவில்லை போல.

விளக்கில் எண்ணெய் இருந்தது. கண்ணாடி துடைத்து, நிரப்பி, அன்று மாலை ஏற்றுவதற்குத் தயாராக இருந்தது. அந்த மாற்றுக் காவலர் ஜோசப் மூர் தீவில் இறங்கி இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் அது தெளிவாக இருக்கிறது. அதையும், கலங்கரை விளக்க வாரியத்தின் மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் 1901 ஜனவரி 8 தேதியிட்டு எழுதிய அறிக்கையையும் தேடி எடுத்துப் படித்தபோது, இத்தனை வருடமாக நான் கேட்டுவந்த கதை வேறு ஏதோ தீவில் நடந்ததோ என்றுதான் தோன்றியது.

பாத்திரம் கழுவியிருந்தது

ஹெஸ்பெரஸ் என்ற அந்தக் கப்பல் டிசம்பர் 20-ஆம் தேதியே போயிருக்க வேண்டியது. கடல் சரியில்லாமல் தள்ளிப்போய் 26-ஆம் தேதி மதியம்தான் தீவை நெருங்கியது. கொடிக்கம்பத்தில் கொடி இல்லை. வழக்கமாகக் காலிப் பெட்டிகளைத் துறையில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், அதுவும் இல்லை. கேப்டன் ஹார்வி ஊதல் கொடுத்துப் பார்த்தார், ராக்கெட் ஒன்றைச் சுட்டுப் பார்த்தார், பதிலே இல்லை. மூரைப் படகில் ஏற்றி இறக்கிவிட்டார்கள், அவர் தனியாக மேலே ஏறிப் போனார். வெளிக்கேட் சாத்தியிருந்தது. வெளிக்கதவும் சாத்தியிருந்தது. சமையலறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே அடுப்பு ஆறிப்போய்ச் சில நாளாகத் தீ மூட்டாத அடுப்பாக இருந்தது. படுக்கைகள் காலி, காலையில் எழுந்து போனது போலவே கிடந்தன. ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது, அதற்கு மேல் தேட மூர் நிற்கவில்லை, வந்த வழியே கீழே ஓடினார். அப்புறம் கப்பலின் இரண்டாம் துணை அதிகாரியும் ஒரு மாலுமியும் துணைக்கு வர, திரும்பிப் போய் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

அந்தக் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் சமையலறையைப் பற்றியது. பாத்திரங்கள் எல்லாம் வெகு சுத்தமாக இருந்தன, அதை வைத்துப் பார்த்தால் மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரம் கழித்துத்தான் அவர்கள் கிளம்பியிருக்க வேண்டும் என்கிறார் மூர். பாதி சாப்பிட்ட தட்டு எங்கே, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் எங்கே. நேர் எதிர். இத்தனைக்கும் பேய்க்கதையை விட இதுதான் எனக்கு உள்ளே குத்தியது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, அன்றைய வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது, அதன்பிறகு ஆட்கள் இல்லை. ஏதோ ஒன்று வந்து சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப் போன மாதிரி எதுவுமே அந்த வீட்டுக்குள் இல்லை.

பதிவேட்டில் 13-ஆம் தேதி வரை வழக்கம்போல எழுதியிருந்தது. 14-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் உரியதைச் சிலேட்டில் குறித்து வைத்திருந்தார்கள், பிறகு நோட்டில் ஏற்றுவதற்கு. கடைசிக் குறிப்பு 15-ஆம் தேதி காலை ஒன்பது மணி: காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் போக்கு. மாமா சொன்னது அப்படியே. யாரும் அழவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அன்று நள்ளிரவு ஆர்க்டர் என்ற கப்பல் அந்த வழியாகப் போனபோது விளக்கு எரியவில்லை. அந்தக் கப்பல் லீத் துறைமுகம் சேர்ந்த பிறகும் தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இன்னொரு கொடுமை, விளக்கு எரிகிறதா என்று லூயிஸ் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார். ஆனால் மூடுபனியில் பல ராத்திரிகள் விளக்கு தெரியாமல் போவது சகஜம் என்பதால், 12-ஆம் தேதிக்குப் பிறகு தெரியவே இல்லை என்பது யாருக்கும் அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

கவிதையும் கட்டுக்கதையும்

அப்படியானால் அந்தச் சாப்பாட்டையும் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டது யார்? வில்ஃபிரிட் கிப்சன் என்ற ஆங்கிலக் கவிஞர். 1912-இல் வெளிவந்த அவருடைய கவிதையில்தான் தொடாத சாப்பாடும் கவிழ்ந்த நாற்காலியும் வருகின்றன, கூடவே பாறையிலிருந்து கடலுக்குள் பாயும் மூன்று கறுத்த விசித்திரப் பறவைகளும். கவிதையில் அதெல்லாம் வரலாம், கவிஞர் கேட்டுக்கொண்டா எழுதுவார். அந்த மூன்று பறவைகள்தான் மூன்று காவலர்கள் என்று அப்புறம் ஒரு கிளைக்கதை முளைத்தது. பின்னாளில் அங்கே இருந்த காவலர்களுக்குக் காற்றில் மூன்று பெயர்களையும் யாரோ கூப்பிடுவது கேட்டது என்று இன்னொன்று. கடல்பூதம், பேய்க்கப்பல், தீவின் பழைய துறவியின் ஆவி, எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டன. இவற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் அந்த நாட்குறிப்பு வேறு ரகம். அது 1929-இல் ஓர் அமெரிக்கப் பரபரப்புப் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதற்கு முன்னால் அப்படியொரு குறிப்பு இருந்ததாக எங்கேயும் இல்லை, மூரின் கடிதத்திலும் இல்லை, மியூர்ஹெட்டின் அறிக்கையிலும் இல்லை. கதைப்படி அதை எழுதியவர் தாமஸ் மார்ஷல், இருபத்தெட்டு வயது இளையவர். தலைமைக் காவலர் ஜேம்ஸ் டக்கட் இந்த வேலையில் பழுத்தவர், மேலதிகாரிகள் வந்து படிக்கிற பதிவேட்டில் அவர் எரிந்து விழுகிறார் என்று சின்னவர் ஒருவர் எழுதினாராம். எந்த ஊர் அலுவலகத்திலும் இது நடக்காது. இருந்தாலும் கதை நிற்கிறது, ஏனென்றால் அதில் ஒரு குணச்சித்திரம் இருக்கிறது: முரட்டுத் தலைவன், பயந்த இளைஞன், உடைந்து அழும் மூன்றாமவன். சினிமாவுக்கு வேண்டிய எல்லாம் தயார். நிஜ ஆட்களின் பெயரை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. டக்கட்டுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். மக்ஆர்தருக்கும் குடும்பம் இருந்தது. 1929 ஒன்றும் அவ்வளவு தூரமில்லை, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி உயிரோடு இருந்த காலம்.

மூன்று பேர் எதற்கு

கலங்கரை விளக்கங்களில் மூன்று பேரைப் போடும் வழக்கத்துக்குப் பின்னாலேயே ஒரு கதை உண்டு, அதில் பேயே வேண்டியதில்லை. வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் என்ற பாறை, மரக்கால்கள் மேல் நின்ற விளக்கம், 1801 வாக்கில் அங்கே இரண்டே காவலர்கள்: தாமஸ் ஹவல், தாமஸ் கிரிஃபித். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. புயல் மாதங்களில் கரையோடு தொடர்பு அறுந்திருந்த சமயத்தில் கிரிஃபித் செத்துப்போனார். உடலைக் கடலில் தள்ளினால் கொலைப்பழி தன் தலையில் விழும் என்று ஹவலுக்குப் பயம். கிடைத்த மரத்தில் ஒரு பெட்டி அடித்து, உடலை அதில் வைத்து வெளியே கட்டித் தொங்கவிட்டார். காற்று பெட்டியைப் பிய்த்தெறிந்ததில் ஒரு கை வெளியே தொங்கி, காற்றடிக்கும்போதெல்லாம் வா வா என்று கூப்பிடுவது போல ஆடியதாம். தூரத்தில் போன கப்பல்களுக்கு அங்கே ஓர் ஆள் நிற்பதாகத்தான் தெரிந்தது. வாரக்கணக்கில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ஹவல் ராத்திரிதோறும் விளக்கேற்றியிருக்கிறார். இதற்குப் பிறகுதான் இனி மூன்று பேர் என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் செத்தாலும் மிச்சமிருப்பவர் மேல் பழி வராமல் சாட்சி சொல்ல இன்னொருவர் இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆக, பழியிலிருந்து காப்பாற்ற வந்தவர்தான் மூன்றாவது ஆள். ஃபிளானனில் அந்த மூன்றாவது ஆள்மேலேயே பழியைப் போட்டுவிட்டார்கள்.

டொனால்ட் மக்ஆர்தர் அங்கே முறையாக இருக்க வேண்டியவரே இல்லை. நிலையத்துக்கு நான்கு காவலர்கள், முறைபோட்டுக்கொண்டு மூவர் தீவில் இருப்பார்கள், ஒருவர் கரையில் பிரேஸ்க்லெட்டில் குடும்பத்தோடு இருப்பார். வர வேண்டிய வில்லியம் ராஸ் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்ததால் உள்ளூர்க்காரரான இவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். நாற்பது வயது, தொழில் தையல். கேப்டன் ஹார்வி 26-ஆம் தேதி அனுப்பிய தந்தியில் டக்கட் பெயர் இருக்கிறது, மார்ஷல் பெயர் இருக்கிறது, இவர் வெறும் தற்காலிக ஆள் என்றுதான் வருகிறார். பெயர்கூட இல்லை. அந்தத் தந்தியில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. முதல் நாளே ஹார்வி இதை மர்மம் என்று சொல்லவில்லை, கோரமான விபத்து என்கிறார், பாவம் பாறையிலிருந்து காற்றடித்து விழுந்திருப்பார்கள், இல்லையென்றால் கிரேனையோ எதையோ கட்டிவைக்கப் போய் மூழ்கியிருப்பார்கள் என்கிறார். கடல்காரருக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். டக்கட்டின் கடல்பூட்சும் மழையங்கியும் இல்லை. மார்ஷலின் பூட்சும் எண்ணெய்த்துணி அங்கியும் இல்லை. படகுத்துறைக்கு இறங்கும்போது மட்டும் போடுகிற உடுப்பு அது, ஆகவே இருவரும் துறைக்குப் போனது உறுதி. மக்ஆர்தரின் கோட்டு மட்டும் அங்கேயே இருந்தது. அவர் இதைத் தவிர வேறு கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை என்று மூர் சேர்த்து எழுதுகிறார், ஆகவே சட்டையோடுதான் வெளியே போயிருக்க வேண்டும் என்கிறார். டிசம்பர் மாதம், அந்த அட்லாண்டிக் காற்றில், சட்டையோடு.

மேற்குத்துறையை மியூர்ஹெட் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். கடல்மட்டத்திலிருந்து 110 அடி உயரத்தில் ஒரு பாறையிடுக்கில் கயிறுகளும் தளவாடங்களும் போட்டுவைத்த பெட்டி இருந்தது, அதை அலை அடித்துக்கொண்டு போயிருந்தது, கயிறெல்லாம் சிதறிக் கிடந்தது. இரும்புக் கம்பித்தடுப்புகள் வளைந்து நெளிந்திருந்தன. ஒரு டன்னுக்குக் குறையாத கல் ஒன்று இடம்பெயர்ந்திருந்தது. அதற்கும் மேலே, 200 அடி உயரத்தில், பாறை விளிம்பிலிருந்து 33 அடி உள்ளே வரைக்கும் புல்தரை பிய்ந்திருந்தது. அந்த உயரம் வரை அலை எகிறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் கடல் ஒரு குறுகிய சந்துக்குள் நுழைகிறது, உள்ளே போன தண்ணீருக்குப் போக இடமில்லாமல் மேலே பீறிடும், மேலே நிற்பவருக்குக் கடல் சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். அன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது, காற்று தள்ளியிருந்தால் தீவுக்கு உள்பக்கமாகத்தான் தள்ளியிருக்கும், ஆகவே காற்றல்ல, அலைதான் என்று மியூர்ஹெட் முடிக்கிறார். அந்தப் பெட்டியைக் கட்டிவைக்க இறங்கியிருக்கிறார்கள், எதிர்பாராத பெரிய அலை ஒன்று பாறையில் ஏறி அவர்கள் தலைக்கு மேலே போய்த் திரும்பி விழுந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது.

மூவருமே ஏன் போனார்கள் என்பதற்கு அறிக்கையில் விடை இல்லை. ஒருவர் நிலையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. இருக்க வேண்டியவர் மக்ஆர்தர்தான், கோட்டு அதைச் சொல்கிறது. இனி நான் சொல்வது என் ஊகம், ஆனால் சும்மா சொல்லவில்லை: கீழே ஒருவரை அலை அடித்துவிட்டது, இன்னொருவர் மேலே ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறார், அல்லது மேலே இருந்தவரே பெரிய அலைகள் வரிசையாக வருவதைப் பார்த்துவிட்டு எச்சரிக்க ஓடியிருக்கிறார். எப்படி வைத்தாலும் ஓடியிருக்கிறார். கோட்டை மாட்டிக்கொள்ள நேரமில்லாத அவசரம் என்பதைத் தவிர அந்தக் கோட்டுக்கு வேறு எந்த அர்த்தமும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கிறுக்குப் பிடித்தவர் என்றும் கொலைகாரர் என்றும் கதை கட்டியவர்கள் கையில் இருந்த ஒரே நிஜச் சாட்சி இந்தக் கோட்டுதான், அது அவர் பக்கம்தான் பேசுகிறது.

மேற்குக் காற்று

இதே தீவுக்கு லூயிஸ்காரர்கள் காவலர்களுக்குப் பல நூறு ஆண்டு முன்பிருந்தே கடற்பறவை பிடிக்கப் போய்வந்தார்கள். 1703-இல் அச்சான மார்ட்டின் மார்ட்டினின் பயணநூலில் அவர்களுடைய சடங்குகள் விவரமாக இருக்கின்றன. மேலே ஏறியதும் தொப்பியைக் கழற்றி, சூரியன் போகும் திசையில் ஒரு சுற்று சுற்றி, கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே சில பொருள்களை வழக்கமான பெயரால் சொல்லக் கூடாது. புனித ஃபிளானனின் சிறு கோயில் அருகே வந்ததும் மேலாடையைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் ஜெபம். (கழற்றி வைத்த மேலாடை! இது இன்னும் எந்த வீடியோக்காரர் கண்ணிலும் படவில்லை, நல்லவேளை.) இவற்றையெல்லாம் சபிக்கப்பட்ட தீவு, மனிதர் தங்கப் பயந்த தீவு என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அதே பட்டியலில் இன்னொன்று இருக்கிறது: கிழக்குக் காற்றில்தான் தீவுக்குப் போக வேண்டும், கரையேறும் நேரத்தில் காற்று மேற்காகத் திரும்பிவிட்டால் உடனே பாயை ஏற்றி வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். இதில் ஆவியும் இல்லை, சாபமும் இல்லை. மேற்குக் காற்றில் அந்தத் துறை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தது. பறவை பிடிப்பவர்களுக்குத் திரும்பிவிடும் வசதி இருந்தது, சம்பளக் காவலர்களுக்கு இல்லை, பெட்டி போனால் பதில் சொல்ல வேண்டும்.

மியூர்ஹெட்டின் அறிக்கை ஓர் அலுவலகக் காகிதம்தான், ஆனால் அதில் அவரை மறைக்க முடியவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி அந்தத் தீவுக்குப் போய்விட்டு வந்தவர், அவர்களோடு கடைசியாகக் கைகுலுக்கி விடைபெற்றது நான்தான் என்பதை நினைத்தால் துக்கமாக இருக்கிறது என்று எழுதுகிறார். மூரைப் பற்றியும் எழுதுகிறார். 26-ஆம் தேதி ராத்திரியே கப்பலிலிருந்து முன்வந்த மூன்று பேரோடு தீவில் தங்கி விளக்கை ஏற்றியவர் மூர். அந்த வீட்டில், அந்தப் படுக்கைகளுக்கு நடுவே, சக ஊழியர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாமல். மனிதர் ரொம்பவும் கலங்கிப்போயிருக்கிறார், இந்தப் படபடப்பு போகவில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிவரும், ஆனால் நிலையத்தின் வேலை தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்பதால் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன் என்கிறார் மியூர்ஹெட். ஃபிளானன் தீவில் ஒரு மனிதர் பயந்து நடுங்கினார் என்பதற்கு எழுத்தில் இருக்கிற ஆதாரம் இது ஒன்றுதான். பேய்க்கதைகளில் அந்த மூர் கதவைத் திறந்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார், அழுவதற்கு மக்ஆர்தரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.